வாயில்லா ஜீவனுக்கும் சட்டம் இருக்கு... தெரியுமா உங்களுக்கு?

ஒரகடத்தில் உத்தியோகம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அரை கிரவுண்டு மனை, லோன் போட்டுக் கட்டிய புது வீடு, வாசலில் காவலுக்கு ஒரு நாய்... இந்த நான்கில் மூன்று உங்களிடம் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். நாய் இல்லாதவர்களும் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லாவிட்டால் என்ன, உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற தெருவில் இருக்கிறதே!

காவலுக்கு வந்தது, தெருவுக்குப் போனது!

வயலும் ஏரியுமாக இருந்த பூமி இது. 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனிகள் வந்தன. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற பெண்கள் விடுதியே திறந்தாயிற்று. வேலை வந்தது, கூடவே ஜனம் வந்தது, ஜனத்தோடு மனைப்பிரிவுகளும் வந்தன.

இந்தப் புது நகர்களில் வாழ்க்கை எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீடு நாலு காலி மனை தள்ளி இருக்கும். தெருவிளக்கு இன்னும் வந்திருக்காது. கணவருக்கு நைட் ஷிஃப்ட். வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மட்டும். "ஒரு நாய் இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்குமே" என்று தோன்றுவது நியாயம்தானே? குட்டி வருகிறது. குழந்தைகள் பேர் வைக்கிறார்கள். எல்லாம் சந்தோஷம்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஓசூருக்கோ புனேவுக்கோ மாற்றல் வருகிறது. அங்கே வாடகைக்குப் பார்த்த ஃப்ளாட்டில், "நாய் எல்லாம் கூடாது" என்கிறார் வீட்டுக்காரர். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் லாரியில் ஏறுகிறது. நாய் மட்டும் ஏறுவதில்லை. "தெருவுல நாலு பேர் சோறு போடாமலா போயிடுவாங்க?" என்று கேட்டைத் திறந்து விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. அது கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட யாரும் இல்லை. டீக்கடைக் குப்பை, கறிக்கடைக் கழிவு என்று தின்று வளர்கின்றன. பி ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து கூட்டுரோட்டில் இறங்கி நடந்து வருகிற பெண்ணைத் துரத்துவது இந்தக் கூட்டம்தான். அதில் ஒன்றுக்கு வெறிநோய் இருந்துவிட்டால்?

தெருவில் இருக்கிற எல்லா நாயும் இப்படி வந்தவை அல்ல. ஆனால் நம் கையால் அறுக்கக்கூடிய சங்கிலி இதுதான். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே சட்டம் கை வைக்கிறது. அந்தச் சட்டத்தைப் பார்க்கும் முன்னால், உயிர் விஷயம் ஒன்றைப் பேசிவிடுவோம்.

பதினைந்து நிமிஷம்... சோப்பும் தண்ணீரும்!

2024-ம் வருஷத்தில் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறார்கள். வெறிநோயால், அதாவது ரேபீஸால் 43 பேர் இறந்திருக்கிறார்கள். ரேபீஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு நோயாளியைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் கடித்த உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தால், அநேகமாக முழுசாகத் தடுத்துவிடலாம். இத்தனை கொடிய வியாதிக்கு இத்தனை எளிய தடுப்பு இருப்பது அபூர்வம். அதைத் தவற விடலாமா?

ரேபீஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். சில பேருக்கு இன்னும் தாமதமாகும். முகத்தில், தலையில் கடித்தால் பயணம் சுருக்கம், ஆபத்து சீக்கிரம். குழந்தைகள் உயரம் கம்மி என்பதால் அவர்களுக்கு முகத்தில், கழுத்தில் கடி விழுவது அதிகம். கிருமி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தடுப்பூசியின் எதிர்ப்புச் சக்தி முந்திக்கொள்ள வேண்டும். நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம்தான்.

நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், பிறாண்டினாலும் இப்படிச் செய்யுங்கள்:

1. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நினைப்பதைவிட ரொம்ப நீளம். துணி துவைக்கிற சோப்பானாலும் பரவாயில்லை.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காபித் தூள் எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம்.

3. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று போடுவார்கள். சதையில் போடும் முறையில் 14-வது நாள் ஊசி ஒன்று கூடுதலாக உண்டு.

4. ரத்தம் வருகிற அளவு கடித்திருந்தால், தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலையைத் தொடங்க சில நாள் ஆகும். அதுவரை காவல் நிற்பது இந்த மருந்துதான். "டாக்டர், இம்யூனோகுளோபுலின் போடணுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

5. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். ஷிஃப்ட் மாறினாலும் சரி, கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும் சரி, சீட்டைக் கையோடு கொண்டுபோய் அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். பத்து நாளுக்குப் பிறகும் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்றைக்கு அதன் எச்சிலில் ரேபீஸ் இல்லை என்று அர்த்தம். "அப்ப பத்து நாள் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாமே" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே ஊசியைத் தொடங்க வேண்டும், கவனிப்பு அதோடு கூடவே நடக்க வேண்டும்.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்று பாட்டி பயமுறுத்தியிருப்பார். அது அந்தக் காலத்து ஆட்டு மூளை மருந்து. அதை இந்தியாவில் நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் சின்ன ஊசி. பயந்துகொண்டு மறைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். திட்டு விழும் என்று குழந்தை மறைக்கிற சின்னப் பிறாண்டல்தான் எமனாக வந்து நிற்கிறது. இன்னொன்று, தெருவில் கிடக்கிற குட்டி நாய்க்கும் ரேபீஸ் இருக்கலாம். "பாவம், சின்னக் குட்டிதானே" என்று கடியை அலட்சியம் செய்யாதீர்கள்.

சட்டத்துக்கு விதை போட்டது நம்ம ஊர் அம்மா!

கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதநாட்டியத்துக்காகத்தான் நமக்குத் தெரியும். 1952-ல் அவரை ராஜ்ய சபாவுக்கு நியமித்தார்கள். அங்கே அவர் கொண்டுவந்தது நாட்டியத்தைப் பற்றிய மசோதா அல்ல. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதா! அரசே இதற்குச் சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்த பிறகு அதை வாபஸ் வாங்கினார். அப்படி வந்ததுதான் 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பல்லாண்டு காலம் அந்த வாரியம் சென்னையில் இருந்துதான் இயங்கியது.

இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவை ஒவ்வொரு நாய்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சர்வசாதாரணமாகச் செய்கிற பல காரியங்கள் அதில் குற்றம்!

சங்கிலி: ரொம்பக் குட்டையான அல்லது ரொம்பக் கனமான சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போடுவது குற்றம்.

நடை: கட்டியே போட்டிருக்கிற நாயை, அடைத்தே வைத்திருக்கிற நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் இருப்பது குற்றம். "காவலுக்குத்தானே வாங்கினேன், வாக்கிங் எதுக்கு?" என்றால் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

சோறு, தண்ணி, நிழல்: இந்த மூன்றும் உரிமையாளரின் கடமை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிவிட்டு டியூட்டிக்குப் போவது மூன்றாவதை மீறுவதுதான்.

கைவிடுவது: பசியிலும் தாகத்திலும் தவிக்கும் என்று தெரிந்தும், தகுந்த காரணமில்லாமல் பிராணியை விட்டுவிட்டுப் போவது குற்றம். மாற்றலாகிப் போகும்போது கேட்டைத் திறந்துவிட்டோமே, அதுவேதான்!

விஷம்: தொந்தரவு தாங்கவில்லை என்று பிஸ்கட்டில் மருந்து வைப்பது குற்றம். நாய் உங்களுடையதாக இருந்தாலும் சரி, தெருவுடையதாக இருந்தாலும் சரி.

நோய்: தொற்றுநோய் உள்ள பிராணியைத் தெரிந்தே தெருவில் திரிய விடுவதும் குற்றம்தான்.

ஐம்பது ரூபாயும் ஐந்து வருஷமும்

சட்டம் இருக்கிறது, சரி. தண்டனை? 2016 ஜூலையில் ஒரு வீடியோ நாட்டையே உலுக்கியது நினைவிருக்கிறதா? ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லாத குன்றத்தூரில், மொட்டை மாடியிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி எறிந்தார் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர். படம் பிடித்தவர் அவருடைய நண்பர். பல நாள் கழித்து அந்தக் குட்டி எலும்பு முறிவுகளோடு உயிருடன் கிடைத்தது. 'பத்ரா' என்று பேர் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். மாணவர்கள் கைதாகி ஜாமீனில் வந்தார்கள்.

அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்தது, வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்று! 1960-ல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு? ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் டீ, பஜ்ஜி சாப்பிட்டால் காலி. அந்த மாணவர்கள் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் பிராணிகள் நல வாரியத்துக்குக் கட்ட வேண்டும் என்று சொன்னது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சட்டத்தில் இருந்த ஓட்டையைப் பல்கலைக்கழகம் அடைக்க வேண்டியதாயிற்று!

இதை வைத்து, "அம்பது ரூபா கட்டிட்டுப் போறேன்" என்று யாரும் மெத்தனமாக இருந்துவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, ஒரு பிராணியைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் பிராணியின் விலை பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறும். இப்போது விலைக் கணக்கே கிடையாது. ராஜபாளையம் நாயும் தெரு நாயும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

உங்க நாய் கடிச்சா யார் பொறுப்பு?

"அது சும்மா குரைக்கும் ஸார், ஒண்ணும் பண்ணாது!" நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் இது. கடித்த பிறகு இதே வசனத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல முடியாது. தன் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் தகுந்த ஜாக்கிரதை எடுக்காத உரிமையாளருக்கு, நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள்ளேயே ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். அதன் பிறகுதான் லைசென்ஸ், கழுத்துப் பட்டை, வாய்மூடி என்று சென்னை முழுக்கப் பேச்சு எழுந்தது.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் லைசென்ஸ் கட்டாயம். அதற்கு ரேபீஸ் ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். உங்கள் பக்கம் எப்படி? ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியாக இருந்து, 2024-ல் நகராட்சியாகத் தரம் உயர்த்தி அறிவிக்கப்பட்ட ஊர். ஒரகடமும் வல்லமும் ஊராட்சிகள். ஒரே சாலையில் நாலு கிலோமீட்டர் போனால் எல்லை மாறிவிடும். உங்கள் வீட்டு வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பேர் இருக்கிறதோ, அந்த அலுவலகத்தில் நாய் லைசென்ஸ் பற்றிக் கேளுங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தடுப்பூசிச் சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். உங்கள் நாய் யாரையாவது பிறாண்டிவிட்டால், முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றும் உரிமையாளரின் பொறுப்பு என்று 2023-ம் வருஷத்து விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. முதல் ரேபீஸ் ஊசியை மூன்று மாதக் குட்டியிலேயே போடலாம். பிறகு பூஸ்டர், அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். ஜூலை 6-ம் தேதி உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885-ல் இதே தேதியில்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ரேபீஸ் ஊசியைப் போட்டார். அதையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் நடத்துவார்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

அடுக்குமாடிச் சண்டைகள்

"நம்ம அசோஸியேஷன்ல நாய் வளர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க!" என்று புலம்புகிறவரா நீங்கள்? தீர்மானம் போட்டு நாயை வெளியேற்ற அசோஸியேஷனுக்கு அதிகாரம் இல்லை, லிஃப்ட்டில் ஏறாதே என்று தடுக்கவும் முடியாது என்பது பிராணிகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்.

"பார்த்தீங்களா, சட்டம் நம்ம பக்கம்!" என்று உடனே கை தட்டாதீர்கள். அதே வாரியம் உங்களுக்கும் சொல்கிறது: பொது இடத்தில் கழுத்துப் பட்டையோடு பிடித்துக்கொண்டு போங்கள், நாய் அசிங்கம் செய்தால் நீங்களே அள்ளுங்கள், ராத்திரி குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த ஊர் இது. பகல் குரைப்பும் இங்கே பெரிய தொல்லை என்பதை மறக்க வேண்டாம்.

தெரு நாயை என்ன செய்வது?

சென்னையில் நாய் பிடித்துக் கொல்லும் வேலை வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. ஒரு கட்டத்தில், கொன்ற நாய்களின் தோலில் பர்ஸும் டையும் செய்யலாமா என்று ஆராயும் அளவுக்குப் போனது எண்ணிக்கை! காரணம் சுலபம். ஒரு தெருவின் நாய்களைக் காலி செய்தால், அந்தக் குப்பைக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும்.

"கொல்லாதே, கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விடு" என்ற வழியை 1964-லேயே தொடங்கியது சென்னை புளூ கிராஸ். மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. கருத்தடை செய்த நாயின் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாய்களின் காதைப் பாருங்கள். வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணி, தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்தோடு நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு கொடுங்கள். இது உள்ளாட்சியின் சட்டப்பூர்வமான கடமை. தயவு அல்ல.

2025-ல் இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயை அதே இடத்தில் விடலாம், வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவற்றை விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென்று குறித்த இடத்தில்தான் போட வேண்டும் என்றார்கள். நவம்பர் 7-ம் தேதி, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அவற்றை மறுபடி அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

சோறு போடுகிற புண்ணியவதிகளுக்கு ஒரு வார்த்தை: போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் குழந்தைகள் விளையாடும் இடத்திலும், மாடிப்படியிலும், வாசல் வழியிலும் வேண்டாம் என்கிறது விதி. கம்பெனி பஸ் நிற்கிற இடமும் வேண்டாமே! சோறு போடுகிற நாய்களைக் கருத்தடைக்குப் பிடிக்க ஆள் வரும்போது, நீங்கள்தான் முன்னால் நின்று உதவ வேண்டும். உங்கள் குரலுக்குத்தான் அவை வரும்.

ராத்திரி தனியாக நடந்து வருபவர்களுக்கு: நாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓடினால் அது விடாது. நின்று, கண்ணைப் பார்த்து முறைக்காமல், கைப்பையை முன்னால் பிடித்தபடி மெல்ல விலகுங்கள். குட்டி போட்ட தாய் நாய் இருக்கிற மூலையைச் சில வாரம் சுற்றிப் போங்கள்.

கூண்டில் கிளி இருக்கா?

"பச்சைக்கிளிதானே, பாட்டி காலத்திலேர்ந்து வளர்க்கிறோம்" என்கிறீர்களா? நம்ம ஊர்ப் பச்சைக்கிளியும், நட்சத்திர ஆமையும் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. ஜோசியத்துக்கும் வேண்டாம், அதிர்ஷ்டத்துக்கும் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் கூண்டைத் திறந்து பறக்க விட்டுவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வாங்கும் முன் ஆறு கேள்வி

1. நாள் முழுக்க வீட்டில் யார் இருப்பார்கள்? இரண்டு பேரும் ஷிஃப்ட் போகிறவர்கள் என்றால் யோசியுங்கள்.

2. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு நீங்கள் தயாரா? ஒரு நாயின் ஆயுசு ஏறக்குறைய அவ்வளவு.

3. இந்த வெயிலுக்கு எந்த நாய் சரி? பனிப்பிரதேசத்து ஹஸ்கியை ஒரகடம் வெயிலில் வாட்டாதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. தெருவிலிருந்து எடுத்து ஊசி போட்டு வளர்க்கும் நாட்டு நாயும் ஒன்றும் மட்டமில்லை.

4. குட்டிக்கு எட்டு வாரம் ஆகிவிட்டதா? அதற்கு முன் விற்பதை 2017-ம் வருஷத்து விதிகள் தடை செய்கின்றன.

5. மாசச் செலவு எவ்வளவு? சாப்பாடு, ஊசி, உண்ணி மருந்து எல்லாம் பட்ஜெட்டில் அடங்குமா?

6. மாற்றல் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஆறாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் முதல் ஐந்துக்கும் போக வேண்டாம். மாற்றல் ஆர்டர் கைக்கு வந்ததுமே, புது ஊரில் வீடு பார்க்கும்போதே, "நாய் உண்டு" என்று புரோக்கரிடம் சொல்லிப் பாருங்கள். ரயிலிலும் நாயைக் கூட்டிப் போகலாம். அதற்கென்று விதிகள் இருக்கின்றன, ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் கேளுங்கள். எதுவுமே முடியாது என்றால், போகிற அன்றைக்குத் தேடாமல், ஒரு மாதம் முன்பே நாயை நன்றாகப் பழகிய ஒரு குடும்பத்திடம், ஊசிச் சான்றிதழும் கருத்தடையும் சேர்த்து ஒப்படையுங்கள். அடிபட்ட பிராணியைப் பார்த்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. நாய்க்கடி பற்றி ஆலோசனை கேட்க 104.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நாய் கடைசியாக ரேபீஸ் ஊசி போட்டது எந்தத் தேதி என்று தேடிப் பாருங்கள். தேதி கிடைக்கவில்லையா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சினிமா இருக்கட்டும். சனிக்கிழமை காலையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்!